வழி அடைபடும் முன்

(நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், மகளிர் குழுக்களும் சிறு தேயிலை விவசாயிகளும் கூடியிருந்தபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, அரை நாள் இலை பறிப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தீயணைப்புத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்லவே வந்தேன். மண் சரிந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது, உயிரோடு மீட்கக்கூடியவர்களில் பெரும்பாலோரை அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே வெளியே தூக்கியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. மலை அப்படி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு ரோடு, கோத்தகிரிக்கு ஒரு ரோடு; மஞ்சூர் வழியும் கூடலூர் வழியும் உண்டு. பெருமழை பெய்தால் ஒரே ராத்திரியில் இவற்றில் இரண்டு மூன்று அடைபடும். மரம் விழும், கரண்ட் போகும், போனில் சிக்னல் இருக்காது. அந்த முதல் சில மணி நேரம் உங்களுக்கு நீங்கள்தான். அந்த நேரத்துக்கு உங்கள் லைனும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையும்) உங்கள் ஹட்டியும் (படகர் ஊரும்) தயாராக இருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

நடந்ததை மறக்கக் கூடாது. 1990 அக்டோபரில் கெத்தையில் வீடுகளோடு மனிதர்கள் மண்ணில் புதைந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் ரோடே பிய்த்துக்கொண்டு போனது, பேருந்துகளும் போயின. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. அந்த முறை இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 91 சென்டிமீட்டர். மாதத்தைக் கவனியுங்கள். ஆடி ஆவணியில் அடி வாங்குவது அவலாஞ்சி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம். ஐப்பசி கார்த்திகை நமக்கு, குன்னூருக்கு, கேத்திக்கு. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையும் சூரல்மலையும் போனதே, அது பந்தலூருக்கு அடுத்த வயநாடு. மலைக்கு மாநில எல்லை தெரியாது.

"எங்க தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாத ஊர் இல்லை. தாத்தா காலத்தில் மேலே காட்டேஜ் இருந்ததா? வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்துச் செங்குத்தாக மண்ணை வெட்டினார்களா? ஓடையை மூடி அதன் மேல் ரோடு போட்டார்களா? இடம் அதே இடம்தான், சரிவு அதே சரிவு இல்லை. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கினால் மண் கனக்கிறது, அடிப்பாறையோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. அதனால்தான் தடுப்புச் சுவர் கட்டினால் அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், அவை அடைபடாமல் இருக்க வேண்டும். சுவரைக் கட்டிவிட்டு, அழகு கெடுகிறது என்று துளைக்குச் சிமெண்ட் பூசியவர்களைப் பார்த்து மனம் பதறியிருக்கிறேன்.

சரிவு பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். நேற்றுவரை சாத்திய கதவு இன்றைக்குச் சட்டத்தில் இடிக்கும். முற்றத்தில் விரிசல் விடும், நேராக நின்ற கம்பம் சாயும். தெளிவாக வந்த ஊற்று கலங்கலாக வரும். வறண்ட இடத்தில் புதிதாகக் கசியும். மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் அது மிகவும் கெட்ட அறிகுறி. மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரைத் தேக்குகிறது என்று பொருள். அப்போது வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஓடைக்கரையை விட்டு விலகி, பக்கவாட்டில் மேட்டுக்குப் போங்கள்.

கொல்கத்தாவில் தலைமையகம் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மழைக்காலத்தில் நீலகிரிக்கென்று நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதி என்று பட்டியலிட்டிருக்கிறது. நல்ல வேலை, பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பின்சுவரை கொல்கத்தாவிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ யாரும் பார்க்க முடியாது. எஸ்டேட் ஆபீசில் மழைமானி இருந்தால் தினமும் அளவு கேட்டு எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் நனைந்த மண்ணைச் சரிக்க அதன் பிறகு பெருமழை தேவையில்லை.

முகாமுக்கு வரச் சொன்னால் பலர் மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. தொழுவத்தில் மாடு இருக்கும். மாட்டை எங்கே கட்டுவது என்று இப்போதே முடிவு செய்தால் பாதிப் பேர் பொழுதோடு கிளம்பிவிடுவார்கள். இருட்டிய பிறகு, கொட்டும் மழையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவதுதான் ஆபத்து. கதவருகே ஒரு பை தொங்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், பேங்க் புத்தகம் எல்லாம் பிளாஸ்டிக் கவரில், சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, டார்ச், பவர் பேங்க், விசில், அவல், பொட்டுக்கடலை, வெல்லம், தண்ணீர், ஆளுக்கொரு ஜெர்கின். மண்ணுக்கடியில் இருந்து கத்தினால் தொண்டை சீக்கிரம் போய்விடும், விசில் அப்படியில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரண்ட் இல்லை, குளிர் தாங்கவில்லை என்று அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுக்கிறோம். கணப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி இன்னொன்று போர்த்துங்கள். கணப்பு அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

இனி தீ. மார்கழி, தை உறைபனியில் புல் கருகி, பங்குனி வரைக்கும் மலை காய்ந்து கிடக்கும். உண்ணிச்செடி, கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகு, சீகை மரம் எல்லாம் பற்றத் தயாராக நிற்கும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீ பல நாள் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது. தேயிலையில் கவாத்து வெட்டிய மிலாரை, அதாவது சிறு கிளைகளை, காற்று அடிக்கும் நாளில் கொளுத்தாதீர்கள். கொளுத்தவே வேண்டாம், பாத்திக்கு இடையில் பரப்பினால் மண்ணுக்கு உரம். வீட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டுங்கள், தகரக் கூரையின் மேலும் ஏறிக் கூட்டுங்கள். விறகைச் சுவரோடு சாய்த்து அடுக்காதீர்கள். பறந்து வரும் ஒரு பொறிக்கு அதுவே போதும்.

தீயில் மாட்டிக்கொண்டால் பயத்தில் கால் மேட்டைத் தேடும். தப்பு. தீ மேட்டில் ஏறும்போதுதான் வேகம். கீழே எரிவது மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டோர் போனது காய்ந்த புல் சரிவில்தான். பக்கவாட்டில் விலகுங்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிந்த இடமோ, பாறையோ, ரோடோ கிடைத்தால் அங்கே நில்லுங்கள். நைலான் உடையைவிடப் பருத்தி மேல்.

நிலநடுக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் பெரிய நடுக்கம் வந்தது, தென்னகம் முழுக்க உணர்ந்தார்கள். ஆகவே நமக்கு வராது என்று இருக்க வேண்டாம். பீரோவைச் சுவரோடு பிணையுங்கள், பரண் மேல் இருக்கும் ட்ரங்குப் பெட்டியைப் படுக்கைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ஆடும்போது மேசைக்கடியில், நின்றபின் வெளியே. மழைக்காலமென்றால் முதலில் மேல்சரிவைப் பாருங்கள்.

பொருளைச் சேர்ப்பது சுலபம். ஆட்களைச் சேர்ப்பதுதான் வேலை. உங்கள் லைனில் படுக்கையில் இருப்பவர் யார், பிள்ளைகளைத் திருப்பூருக்கும் கோவைக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பாட்டி யார், நிறைமாதக் கர்ப்பிணி யார்? ஜீப், கயிறு, மரம் அறுக்கும் மெஷின் யாரிடம்? பள்ளிக்கூடச் சாவி யாரிடம்? ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்களை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. "மண் சரியுது, ஓடுங்க" என்று நீங்கள் கத்தினால் அவர்களுக்குப் புரியாது. இந்தி தெரிந்த ஒருவர் அவர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். சிக்னல் இல்லாத ராத்திரியில் எது அபாய ஒலி, கோயில் மணியா, சர்ச் மணியா, பள்ளிவாசல் மைக்கா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே அடையாளம் பேசி வையுங்கள். அது அடித்தால் யார் யார் கதவைத் தட்டுவது என்பதும் பெயர் சொல்லி முடிவாகட்டும்.

1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

வாசல் பக்க மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், லைனுக்கு ஒரு பக்கம். குழுத் தலைவிகள் அங்கே உட்கார்ந்து எழுதுவார்கள். ஜீப் வைத்திருப்பவர்களும் நர்ஸ் வேலை பார்ப்பவர்களும் முதலில் வாருங்கள். டீ வரும்வரை யாரும் கிளம்ப வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை என்றால் அவர் பெயரையும் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.