கேட்பவரின் முதுகு

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

"உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" இந்தக் கேள்விக்கு யாராவது உருப்படியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கடின உழைப்பு, பெற்றோர் ஆசி, ஆண்டவன் அருள் என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்றும் வாய்த்தும் எங்கேயும் போய்ச் சேராத எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். அடுத்து, "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள். அவரும் ஏதாவது சொல்லிவைப்பார். பேட்டி முடிந்துவிடும். கைப்பேசியில் தினம் ஒன்று பார்க்கிறோம். மறுநாள் காலையில் அதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

சாதித்தவர்களிடம் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர்களிடம் பதில்கள் தயாராக இருக்கும். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட பதில்கள். அவற்றைத் தாண்டி அந்த மனிதரை எப்படிப் போய்ப் பார்ப்பது? இதை நன்றாகச் செய்த இரண்டு பேரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலாமவர் ஜான் ஃப்ரீமன். இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரி. 1945இல் பிரிட்டனின் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர். 1951இல், மருத்துவ சேவையில் அரசு கட்டணம் புகுத்தியதை எதிர்த்துப் பதவியைத் துறந்த அமைச்சர்களில் ஒருவர். இவர் 1959 முதல் 1962 வரை பிபிசி தொலைக்காட்சியில் 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்ற பேட்டித் தொடரை நடத்தினார். தத்துவ அறிஞர் ரஸல், மார்ட்டின் லூதர் கிங், கென்யாவின் ஜோமோ கென்யாட்டா, நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் என்று பலதரப்பட்டவர்கள் எதிரில் உட்கார்ந்தார்கள்.

பார்ப்பவர்களுக்கு ஃப்ரீமனின் முகம் தெரியாது. கேமராவுக்கு முதுகைக் காட்டி, நிழலில் உட்கார்ந்திருப்பார். வெளிச்சமெல்லாம் விருந்தினரின் முகத்தில். கண் இமைப்பதும், உதடு துடிப்பதும், பதில் தேடித் தடுமாறுவதும் அப்படியே தெரியும். இன்றைய பேட்டிகளில் விருந்தினர் பேசும்போது நடுவில் கேமரா திரும்பி, கேட்பவர் தலையாட்டுவதைக் காட்டுகிறதே, அது யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

1959இல் உளவியல் மேதை கார்ல் யுங்கைப் பார்க்க, சுவிட்சர்லாந்தில் சூரிச் ஏரிக்கரையிலுள்ள கூஸ்நாக்ட்டில் இருந்த அவருடைய வீட்டுக்கே ஃப்ரீமன் போனார். யுங்குக்கு அப்போது 83 வயது. ஃப்ரீமன் சித்தாந்தத்தில் ஆரம்பிக்கவில்லை, பிள்ளைப் பருவத்தில் ஆரம்பித்தார். யுங்கின் தந்தை ஒரு பாதிரியார். சின்ன வயதில் கடவுளை நம்பினீர்களா என்று கேட்டார். நம்பினேன் என்றார் யுங். அடுத்த கேள்வி: "இப்போது நம்புகிறீர்களா?"

யுங் திகைத்தார். "இப்போதா?" என்று திருப்பிக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். பதில் சொல்வது கஷ்டம் என்றார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும். நம்பவேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும்."

கேள்வி எவ்வளவு சின்னது பாருங்கள். "ஐயா, மதத்துக்கும் ஆழ்மனத்துக்கும் உள்ள உறவு குறித்துத் தங்கள் கருத்து..." என்று இழுத்திருந்தால் அரை மணி நேர வகுப்பு நடந்திருக்கும். பாதிரியார் வீட்டுப் பையனை முதலில் நினைவுக்குக் கொண்டுவந்து, அவன் பக்கத்தில் இந்தக் கிழவரை நிறுத்தியதால்தான் அந்தத் தடுமாற்றம் வந்தது. அந்தப் பதிலுக்கு விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. யுங் அச்சில் விளக்கம் எழுதவேண்டி வந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்தப் பேட்டியைப் பார்த்த ஒரு லண்டன் பதிப்பாளருக்கு, யுங்கின் கருத்துகளைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி ஒரு புத்தகமாக்கினால் என்ன என்று தோன்றியது. ஃப்ரீமனைத் தூது அனுப்பினார். யுங் தன் தோட்டத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, மரியாதையாக, ஆனால் உறுதியாக, முடியாது என்றுவிட்டார். ஆனால் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த சாமானிய மனிதர்கள் எழுதிய கடிதங்கள் அவர் மனசை அசைத்தன. பிறகு ஒரு கனவு. அறிஞர்களிடம் பேசாமல், பொது இடத்தில் நின்று பெரிய கூட்டத்திடம் பேசுகிறார். அவர்களுக்கு அவர் சொல்வது புரிகிறது. கனவை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்தவர், தன் கனவை மட்டும் தட்டிவிடுவாரா? ஒப்புக்கொண்டார். தன் பங்கை எழுதி முடித்த சில நாட்களில் நோயில் விழுந்து, 1961 ஜூனில் காலமானார். புத்தகம் 1964இல் வந்தது. முன்னுரை எழுதியவர் ஃப்ரீமன். மேலே நான் சொன்ன கதையும் அந்த முன்னுரையில் இருப்பதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கில்பர்ட் ஹார்டிங் என்று ஒருவர், அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிடுசிடுப்புக்கே பேர் போனவர். 1960இல் அவரை ஃப்ரீமன் பேட்டி எடுத்தார். ஹார்டிங் தன் கோபத்துக்கு நியாயமே இல்லை என்றார், தான் தனிமையில் கிடப்பதாகச் சொன்னார். மரணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் இறப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஃப்ரீமன் கேட்டார். ஹார்டிங் கண்கலங்கிவிட்டார். அவர் மனதில் இருந்தது அவருடைய தாயின் மரணம். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அது தனக்கு முன்பே தெரியாது என்றும், அந்தத் திசையில் போனதற்கு வருந்துவதாகவும் ஃப்ரீமன் பின்னால் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் ஹார்டிங் இறந்துபோனார்.

அந்தக் கண்ணீரைத்தான் இன்றும் பலர் பெரிய சாதனையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழவைப்பது சுலபம். அம்மாவைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். நம் ஊர் நிகழ்ச்சிகளில் அதற்கென்றே பின்னணியில் புல்லாங்குழல் வேறு. யுங்கின் அந்த "இப்போதா?" தான் கஷ்டமான காரியம். அங்கே ஒரு மனிதர் நம் கண்முன்னால் யோசிக்கிறார்.

இரண்டாமவர் முற்றிலும் வேறு ஜாதி. ஃபிரான்ஸ்வா த்ரூஃபோ. பிரெஞ்சு இயக்குநர். 1955இல் அவரும் நண்பர் ஷாப்ரோலும் பத்திரிகைக்காரர்களாக, திகில் படங்களுக்குப் பேர் போன இயக்குநர் ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுக்கப் போய், ஸ்டுடியோ முற்றத்தில் உறைந்து கிடந்த குளத்தில் கால் வைத்து, பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார்கள். கோப்பையில் ஐஸ் துண்டுகளைப் பார்த்தால் உங்கள் இருவர் ஞாபகம்தான் என்று ஹிட்ச்காக் பின்னாளில் கேலி செய்வாராம். 1962 ஆகஸ்டில் த்ரூஃபோ அவரிடம் திரும்பி வந்தார். இப்போது அவருக்கு வயது 30, மூன்று படங்கள் எடுத்து முடித்திருந்தார். ஹாலிவுட்டில், யுனிவர்சல் ஸ்டுடியோவில், ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பேசினார்கள். த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் போதாது. ஹெலன் ஸ்காட் என்ற பெண்மணி நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். அது இடைஞ்சல் என்று நினைப்போம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு யோசிக்க அவகாசம் கிடைத்ததே, அதை நான் அதிர்ஷ்டம் என்பேன்.

1941இல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கதாநாயகன் இருட்டான படிக்கட்டில் ஒரு டம்ளர் பாலோடு ஏறி வருவான். அதில் விஷம் இருக்குமோ என்று நமக்குச் சந்தேகம். அந்தப் பால் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது த்ரூஃபோ, "டம்ளர்மேல் விளக்கைப் பாய்ச்சினீர்களா?" என்று கேட்டார். "இல்லை, டம்ளருக்குள்ளேயே விளக்கை வைத்தேன்" என்றார் ஹிட்ச்காக்.

த்ரூஃபோவின் ஊகம் தவறு. ஆனால் தொழில் தெரிந்தவனின் தவறு. அந்தக் காட்சியை நான் எடுத்தால் எப்படி எடுப்பேன் என்று யோசித்துவிட்டு வந்தவன்தான் அப்படிக் கேட்க முடியும். தொழில்காரனுக்கு அப்படிப்பட்ட கேள்வியைத் திருத்தாமல் இருக்க முடியாது. "அந்தக் காட்சி பிரமாதம் சார், எப்படி சார் தோணுச்சு?" என்றிருந்தால், "ஏதோ தோன்றியது" என்று போயிருப்பார். நம் பக்கத்தில் கர்நாடக இசைக் கலைஞர்களையோ கல்வெட்டு ஆய்வாளர்களையோ பேட்டி எடுக்கும்போது இந்த வீட்டுப்பாடம்தான் இல்லாமல் போகிறது. வாசிக்காமல் வந்து, வியந்துவிட்டுப் போகிறோம்.

கடைசியாக ஒன்று. ஃப்ரீமனின் தொடரில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது நாவலாசிரியர் ஈவ்லின் வாவின் பேட்டி, 1960. வா விருப்பமில்லாமல் வந்தவர். எந்தக் கேள்விக்கும் இடம் கொடுக்கவில்லை. உங்கள் பெரிய குறை எது என்று கேட்டதற்கு, எரிச்சல் என்றார். யார் மேல், குடும்பத்தார் மேலா, அந்நியர் மேலா? எல்லாவற்றின் மேலும், உயிரற்ற பொருட்கள், மனிதர்கள், விலங்குகள், எல்லாம் என்றார். ஃப்ரீமன் சிரித்து மழுப்பவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பிறகு ஏன் இந்த நிகழ்ச்சிக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"வறுமை," என்றார் வா. நாம் இரண்டு பேருமே இப்படி ஆனந்தமாகப் பேசுவதற்குக் கூலி வாங்கியவர்கள்தானே என்றார்.

அடுத்து உங்கள் கேள்விகளுக்கு வருவோம். இந்தக் கூட்டத்துக்கு நான் ஏன் வந்தேன் என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.