தோட்டத்து சாளைக்கு நெட்: கம்பெனியைக் கேக்கறதுக்கு முன்னால கேபிளைக் கேளுங்க

அடுத்த கேள்வி தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "மெயின் ரோட்டுல இருந்து இட்டேரி வழியா 700 மீட்டர் உள்ள வந்தாத்தான் எங்க சாளை, தோட்டத்து வீடு. பையன் ஐடி வேலை, வாரத்துல நாலு நாள் வீட்டுல இருந்தே பாக்கறான். கேபிள்காரர் 100 எம்பிபிஎஸ் தர்றேங்கறார். பிஎஸ்என்எல் ஃபைபரும் வருமாம். கேபிள் இல்லாம டவர் சிக்னல்ல நெட் குடுக்கற ஏர்ஃபைபர்காரங்களும் வந்து கேட்டுட்டுப் போனாங்க. எதைப் போடறதுங்க?"

அம்மா, மூணு பேரு குடுத்த பிளான் நோட்டீசையும் ஓரமா வெச்சிருங்க. வீடியோ மீட்டிங்குக்கு போக வர நாலு நாலு எம்பிபிஎஸ் இருந்தா ஓடும். 50 எம்பிபிஎஸ் பிளானே தம்பிக்குத் தாராளம். வேகத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்லீங்க, மீட்டிங் நடுவுல லைன் அறுந்து போறதுதான் ரோதனை. அது பெரும்பாலும் அந்தக் கடைசி 700 மீட்டர்லதான் ஆகும்.

இன்னொண்ணு, கிராமத்துப் பக்கம் பிஎஸ்என்எல் ஃபைபரை இழுத்துப் பராமரிக்கறதும் பல ஊர்ல லோக்கல் ஆளுங்கதான். விசாரிச்சுப் பாத்தா அதே கேபிள்காரராவே இருந்தாலும் இருப்பாரு. அதனால ரெண்டு பேர்த்துக்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க: கேபிள் அறுந்தா யாரு வருவாங்க, ஒட்டற ஸ்ப்ளைசிங் மிஷின் கையில இருக்குதா, இல்ல டவுன்ல இருந்து வரணுமா? மிஷின் கையில இருக்கறவரு அன்னைக்கே ஒட்டிக் குடுப்பாரு. இல்லாதவரு மிஷினுக்குக் காத்துக்கிட்டு கிடப்பாரு.

அடுத்து, ரோட்டுல இருந்து சாளை வரைக்கும் நடுவுல கரண்ட் வேணுங்கற பெட்டி எதாச்சும் வருதான்னு கேளுங்க. சில பேரு இன்னமும் பாதி தூரம் ஃபைபர், அப்பறம் கம்பத்துல ஒரு சுவிட்ச் பெட்டி, அங்கிருந்து லேன் கேபிள்னு இழுக்கறாங்க. லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. கரண்ட் போனா அந்தப் பெட்டி படுத்துக்கும், இடி இறங்குனா கருகிப் போயிரும். சாளைக்குள்ள வரைக்கும் ஃபைபரே வரணும். நடுவுல ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் இருக்கலாம், அதுக்குக் கரண்ட் வேண்டியதில்லை.

700 மீட்டர் ரொம்பத் தூரமாச்சேன்னு பயப்பட வேண்டாம். ஃபைபர்ல நெட் வெளிச்சமாத்தான் வருது, அது குறையறதை டெசிபல்னு அளப்பாங்க. அந்தத் தூரத்துக்கு கால் டெசிபல்தான் குறையும். ஆனா ஒரு மோசமான ஜாயிண்ட்டோ, ஆணியில சுத்தி மடிச்சு விட்ட ஒரே ஒரு வளைவோ அதைவிட பல மடங்கு வெளிச்சத்தைத் தின்னுரும். அதனால கனெக்சன் குடுக்கற அன்னைக்கு பவர் மீட்டரை வெச்சு ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்க. மைனஸ் 15-ல இருந்து மைனஸ் 24 வரைக்கும் இருந்தா நல்ல லைன். மைனஸ் 27-ன்னு காட்டுனா அன்னைக்கு ஓடும், மழை பேஞ்சு ஜாயிண்ட்டுல தண்ணி எறங்குனா நின்னு போயிரும். மூணு டெசிபல் குறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிருச்சுன்னு அர்த்தம். அந்த நம்பரை ரூட்டர் மேலயே எழுதி ஒட்டி வெச்சுக்கங்க, பின்னாடி லைன் மக்கர் பண்ணா ஒப்பிட்டுப் பாக்கலாம். சொருகற தலை பச்சையா இருந்தா பச்சையிலதான் சொருகணும். நீலத்துல சொருகுனா ரெண்டும் ஒழுங்கா ஒட்டாது, வெளிச்சம் வீணாப் போகும்.

இனி கேபிள் வர்ற வழி. கிளுவை வேலியோட சேத்து விட்டாங்கன்னா வேலி வெட்டறப்ப கொடுவாள்ல போயிரும். தரையில கிடந்தா எலியும் டிராக்டரும் விடாது. தென்னைக்குத் தென்னை கட்டறது சுலபம்தான், ஆனா உங்க பக்கத்து ஆடிக்காத்து எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து நேரா வர்ற காத்துங்க, காத்தாலை நிக்கறதே அதை நம்பித்தான். மரம் ஆடறப்ப கேபிள் உரசி உரசியே தேஞ்சு போகும், மேல மட்டை விழுந்தா அத்தோட சரி. கரண்டு கம்பத்துல கட்டறேன்னா விடவே விடாதீங்க. 50 மீட்டருக்கு ஒரு கல்லுக்காலோ இரும்புப் பைப்போ நட்டா 15 காலுக்குள்ள முடியும். சொட்டுநீர்ப் பைப் பதிக்கத் தோண்டப் போறீங்கன்னா இன்னும் நல்லது, பக்கத்துலயே ஒரு இஞ்ச் எச்டிபிஇ பைப் பதிச்சு, உள்ள நைலான் கயிறு விட்டு வெச்சிருங்க. 100 மீட்டருக்கு ஒரு தொட்டி மாதிரி விட்டாத்தான் கேபிளை இழுக்க முடியும்.

கேபிள் ரெண்டு கோரா, அதாவது உள்ள ரெண்டு இழை இருக்கறதா கேளுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணுல மாத்திக்கலாம். தாங்கற கம்பி இரும்பா இல்லாம எஃப்ஆர்பிங்கற பிளாஸ்டிக் கம்பியா இருக்கட்டும், இடி வந்தா இரும்பு அதைச் சாளைக்குள்ள கூட்டிட்டு வந்துரும். வீட்டோரம் 15 மீட்டர் கேபிளைக் கூடுதலா வட்டமாச் சுத்தித் தொங்க விடச் சொல்லுங்க. அறுந்த பக்கம் இழுத்து ஒட்ட அந்த நீளந்தான் கை குடுக்கும்.

கரண்ட் போறப்ப ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். அடாப்டர்ல 12 வோல்ட்னு போட்டிருந்தா யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்டா இருக்கணும், ஆம்பியர் சமமாவோ கூடவோ இருக்கலாம். உங்க லைனுக்கு வெளிச்சம் அனுப்பற, கேபிள்காரர் ஆபீஸ்ல இருக்கற ஓஎல்டி பெட்டிக்கு எத்தனை மணி நேர பேட்டரின்னும் கேட்டுக்கங்க, அங்க இருட்டானா உங்க யுபிஎஸ் சும்மாதான்.

ஏர்ஃபைபர் கேபிளே இழுக்க முடியாதவங்களுக்கு. போடறதுக்கு முன்னால அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனோட மொட்டை மாடிக்குப் போயி, ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பீட் பாருங்க, அப்லோடையும் சேத்து. டவர் பக்கம் தென்னந்தோப்பு நின்னா சிக்னல் அடிபடும். மாசம் எவ்வளவு டேட்டாவுக்கு அப்பறம் வேகம் குறையும்னும் கேட்டுருங்க.

காசு விசயம்: விலை சொல்றப்ப 18 சதவீத ஜிஎஸ்டி சேத்தியான்னு கேளுங்க. ஆறு மாசம் சேத்துக் கட்டுனா ஒரு மாசம் இலவசம்பாங்க, முதல்ல ஒரு மாசம் மட்டும் கட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

லைன் நின்னுச்சுன்னா "நெட் வரல"ன்னு மட்டும் போன்ல சொல்லாதீங்கம்மா. ரூட்டர்ல LOS-னு போட்டிருக்கற லாஸ் லைட் சிவப்பா மின்னுதுன்னா கேபிள் அறுந்திருக்கு, இல்ல வெளிச்சம் வரல. PON-னு போட்டிருக்கற பான் லைட் பச்சையா நிலையா நின்னும் நெட் இல்லைன்னா கோளாறு அவங்க பக்கம், இல்ல உங்க கணக்குல. எந்த லைட்டுன்னு சொல்லிட்டா, வர்றவரு மிஷினோட வர்றதா வெறுங்கையோட வர்றதான்னு கிளம்பறப்பவே தெரிஞ்சுக்குவாரு.