தேயவில்லை, தொழில் மாற்றிக்கொண்டது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம் காலத்தால் தேய்ந்ததா, காலத்தோடு மாறியதா?" என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், இறங்கிக் கிடக்கும் ஷட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தேய்வு என்று தீர்ப்பையே எழுதிவிட்டார். நடுவருக்கு வேலை மிச்சம். அந்த ஷட்டர்களை நான் மறுக்கவில்லை. எந்த ஸ்பென்சரோடு ஒப்பிட்டுத் தேய்வு என்கிறார் என்பதே என் கேள்வி.

1895-இல் ஸ்பென்சர் நிறுவனத்தின் உரிமையாளர் யூஜின் ஓக்ஷாட் அங்கே இந்திய, ஐரோப்பியப் பாணிகளைக் கலந்து எழுப்பிய இந்தோ-சாரசெனிக் கட்டடத்தோடா? துரைமார் குடும்பங்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கிய அந்தக் கடைக்குத் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை இருந்தது. அங்கே சுருட்டு சுற்றிய தொழிலாளி, ஒரு நாளாவது மவுண்ட் ரோடு (அண்ணா சாலையின் அன்றைய பெயர்) கடைக்குள் வாடிக்கையாளராக நுழைந்திருப்பாரா? அந்தக் கட்டடத்தை 1983-இல் தீ கொண்டுபோனது. அந்தக் கணக்கைக் காலத்தின் மேல் எழுதக் கூடாது.

அல்லது 1990-களில் அதே இடத்தில் எழுந்த பிளாசாவோடா? அதன் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. நகரும் படிக்கட்டின் அடியில் ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி, மறுகையால் மகளின் தோளைப் பற்றியபடி, எந்தப் படியில் காலை வைப்பது என்று நான்கைந்து படிகளை மேலே போகவிட்டுத் தயங்கி நின்ற தாய்மாரை இங்கிருக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். எதுவும் வாங்காமல் குளிர்காற்று வாங்கித் திரும்பியவர்களே அன்று மிகுதி. (நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.)

அங்கிருந்த மியூசிக் வேர்ல்டு மூடப்பட்டதைப் பெருஞ்சான்றாக அண்ணன் வைத்தார். அந்த நிறுவனம் 2013-இல் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் கடை உட்பட நாடெங்கும் கடையைக் கட்டிவிட்டது. பாட்டு கைப்பேசிக்குள் குடியேறிய பிறகு குறுந்தகடு விற்கும் கடை எங்கே இருந்தாலும் என்ன?

வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இலும் வேளச்சேரி பீனிக்ஸ் 2013-இலும் வந்தபோது, அங்கே மாலின் உரிமையாளரே கடைகளை வாடகைக்கு விட்டார். எந்த பிராண்டு எந்தத் தளத்தில் என்பதை அவரே முடிவு செய்தார். ஸ்பென்சரில் கடைகள் தனித்தனியே பலருக்கு விற்கப்பட்டவை. ஆளுக்கொரு சாவி இருக்கும் வீட்டில் ஒரே நிறத்தில் சுண்ணாம்பு அடிக்க முடியாது. ஆகவே பெரிய பிராண்டுகள் புது மால்களை நாடின. இதில் எதிரணி சொல்வது பாதி உண்மைதான். ஆனால் அதே காரணத்தால்தான், புது மாலின் வாடகையை நினைத்தும் பார்க்க முடியாத சிறு வியாபாரி, மாநகரின் முதன்மைச் சாலையில் இன்றும் கடை விரித்திருக்கிறார். ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்திருந்தால், கூட்டம் குறைந்த அன்றே முதலில் வெளியேற்றப்பட்டிருப்பவர் அவர்.

இரண்டு பேர் நின்றாலே வழி அடைபடும் ஒரு கைப்பேசி பழுதுபார்ப்புக் கடையைப் பாருங்கள். வளைகழுத்து விளக்கின் கீழே, பொட்டளவுத் திருகாணிகளைக் கழற்றிய வரிசை மாறாமல் ஒரு காந்தத் தகட்டில் அடுக்கிவைத்து, உடைந்த கண்ணாடியைச் சூடுகாட்டி மெல்ல நெம்பி எடுக்கிறார் ஓர் இளைஞர். "புதுசு வாங்கிடுங்க சார்" என்று அவர் சொல்வதில்லை. அது பளபளப்பான தளங்களில் கேட்கும் வசனம். பக்கத்தில் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுபவர், சற்றுத் தள்ளி காஷ்மீர்க் கைவினைப் பொருள் விற்பவர், மேல் தளங்களில் அலுவலகங்கள். பார்த்து வியக்க வந்த இடத்துக்கு இன்று வேலையாக வருகிறார்கள். தேய்வு என்ற சொல் இதற்குப் பொருந்தவில்லை.

மணி ஒலித்துவிட்டது, ஒரு வரியில் முடிக்கிறேன். எதிரணி அண்ணன் குறிப்புகளைப் பார்த்துப் படித்தாரே, அந்தக் கைப்பேசியின் திரை போன மாதம் மாற்றியது என்று மதியச் சாப்பாட்டில் அவரே சொன்னார். எந்தக் கட்டடத்தில் மாற்றினார் என்று மட்டும் நடுவர் அவரிடம் கேட்டுவிடுங்கள்.