நடுச்சாமத்தில பார்லிமென்ட்ட கூட்டி லீவு குடுத்த நாடு! ஐஸ் ஹொக்கிக்கும் நம்மட மீன் ஐஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஞாயிற்றுக்கிழம ராத்திரி. பன்னிரெண்டு மணி ஆகப் போகுது. ஒரு நாட்டுட பார்லிமென்ட்ட அவசரமா கூட்டுறாங்க. யுத்தமா? இல்ல. ஆட்சி கவுந்திட்டா? அதுவும் இல்ல. எம்பிமார்ல சில பேர் விளையாட்டு ஜேர்சியோட வந்து குந்தியிருக்காங்க. எடுத்தது ஒரே ஒரு சட்டம்: நாளைக்கு திங்கக்கிழம, நாடு முழுக்க லீவு. ஏனெண்டா அவங்கட டீம் மெட்ச் வெண்டிட்டு!

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்புல இருந்து உங்கட தம்பி. நான் சொன்னது கதையில்ல, 2023 மே 28ம் திகதி லத்வியா நாட்டுல நடந்தது. ஐஸ் ஹொக்கி, அதாவது ஐஸுக்கு மேல சறுக்கிக்கிட்டு மட்டையால அடிச்சு கோல் போடுற விளையாட்டு. அதுட உலகச் சம்பியன்ஷிப்புல மூணாம் இடத்துக்கான மெட்ச், எதிர்ல நிக்கிறது அமெரிக்கா. நேரம் முடியக்குள்ள ரெண்டு பக்கமும் 3 கோல், ஓவர்டைம் போகுது, ருபீன்ஸ் எண்டு ஒரு தடுப்பாட்டக்காரன் அடிக்கிறான், 4க்கு 3. உலகச் சம்பியன்ஷிப்புல அந்த நாட்டுட சரித்திரத்திலயே முதலாவது பதக்கம். இப்ப கணக்கப் பாருங்க. அமெரிக்காவுல 33 கோடி சனம். லத்வியாவுல 19 லட்சம். நம்மட கிழக்கு மாகாணத்துல, திருகோணமலை மட்டக்களப்பு அம்பாறை மூணையும் சேத்தா, 2012 கணக்கெடுப்புப்படி 15 லட்சத்துக்கு மேல. அப்ப நம்மட மாகாணத்த விட கொஞ்சம் பெருசா இரிக்கிற ஒரு இடம் அமெரிக்காவ அடிச்சுப் போட்டிருக்கு. எனக்கு இத வாசிச்ச அண்டைக்கு ராத்திரி நித்திர வரல்ல, உண்மையாச் சொல்றன்.

நம்மட பிரிட்ஜுக்குள்ள நான் ஒரு சாமான் வெச்சிருக்கன், அத கடைசில எடுப்பம், அதால இடையில போயிராதீங்க. புதுசா வந்த ஆக்கள் சப்ஸ்கிரைப் பண்ணிக்கொள்ளுங்க.

சரி, பின்னணிய கெதியா முடிப்பம். சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் 1908ல பாரிஸ்ல தொடங்கின. அந்த வருசம் உள்ளுக்கு வந்த நாடுகள் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிஸ், பிரிட்டன், பொஹீமியா (இண்டைய செக் நாட்டுப் பக்கம்), அவ்வளவுதான். இண்டைக்கு 80க்கு மேல. 1920ல அன்ட்வேர்ப் ஒலிம்பிக்குல முதல் தரம் சேத்தாங்க, அது கோடைகால ஒலிம்பிக், குளிர்கால ஒலிம்பிக் அப்ப பிறக்கவே இல்ல. உலகச் சம்பியன்ஷிப் ஏணிப்படி மாதிரி. உச்சில 16 நாடு, அதுக்குக் கீழ டிவிஷன் டிவிஷனா போகும், வெண்டா மேல ஒரு படி, தோத்தா கீழ ஒரு படி. இந்த முறை எனக்கு சரியான விருப்பம், ஏனெண்டா மொங்கோலியா கனடாவோட மோதி நாறத் தேவையில்ல, தன்னோட ஒத்த நாட்டோட மோதி மெல்ல மெல்ல ஏறலாம். லத்வியாவும் அப்பிடித்தான், சோவியத்துல இருந்து பிரிஞ்ச பிறகு 1993ல மூணாம் படியில நிண்டு தொடங்கி, 1997ல உச்சிப் படிக்கு வந்தவங்க.

ஏறுற கதை எண்டா தாய்லாந்த சொல்லாம விடேலா. 1998ல 18 வயசுக்குட்பட்ட ஆசியப் போட்டி. தென் கொரியா எதிர் தாய்லாந்து. ஸ்கோர் என்ன தெரியுமா? 92க்கு 0. திரும்பச் சொல்றன், தொண்ணூத்தி ரெண்டு. ஒரு மெட்ச் 60 நிமிசம், நான் போன்ல கணக்குப் போட்டுப் பாத்தன், சராசரியா 39 செக்கனுக்கு ஒரு கோல். அந்தக் கோல் காப்பாளர் புள்ளைய நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி. நம்மட பக்கத்துல ஒரு கிரிக்கெட் டீம் இப்பிடித் தோத்தா அடுத்த நாளே மட்டைய வித்திருப்பாங்க. தாய்லாந்துக்காரன் விக்கல்ல. 2019ல தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில ஐஸ் ஹொக்கி தங்கம் தாய்லாந்துக்கு! அதுக்கு முதல் 2017ல தங்கம் எடுத்தது பிலிப்பைன்ஸ். ரெண்டும் நம்மள மாதிரி வேர்த்து ஊத்துற நாடு.

இப்ப கேட்பீங்க, இந்த வெயிலுக்க ஐஸ் எப்பிடி நிக்கும் எண்டு. இதுக்குத்தான் நான் இந்த வீடியோவே செஞ்ச.

நான் சின்னப்புள்ளையா இரிக்கக்குள்ள மாமா மீன் யாவாரம். விடிய நாலு மணிக்கு ஐஸ் எடுக்கப் போகக்குள்ள என்னையும் சைக்கிள் பாருல ஏத்திக்கிட்டு போவார். ஐஸ் கொம்பனிக்குள்ள போனா தரை முழுக்கப் பலகை, நடந்தா டொக்கு டொக்கு எண்டு சத்தம் வரும், நான் அத தரை எண்டுதான் நினைச்ச. ஒருநாள் அங்க வேல செய்ற அண்ணன் ஒரு பலகைய தூக்கிக் காட்டினார். கீழ பெரிய தொட்டி, தொட்டிக்குள்ள கறுப்பாத் தண்ணி, அந்தத் தண்ணிக்குள்ள இரும்பு டின் வரிசையா தொங்குது. டின்னுக்குள்ள நல்ல தண்ணி. வெளியில நிக்கிறது உப்புத் தண்ணி. "விரல வெச்சிராத தம்பி, அது ஐஸ விடக் குளிரு"ண்டார். நான் கேட்டன், ஐஸ விடக் குளிரா இருந்தா அது ஏன் அண்ணன் உறையல்ல? அவர் சொன்ன மறுமொழி ஒரே சொல்லு: "உப்பு."

அதுதான் உறவுகளே முழுச் சூத்திரம். நல்ல தண்ணி பூச்சியத்துல உறையும். நல்லா உப்புக் கரைச்ச தண்ணி பூச்சியத்துக்குக் கீழ எட்டு, பத்து பாகை போனாலும் தண்ணியாவே ஓடும். அமோனியா வாயு அந்த உப்புத் தண்ணியில இருந்து சூட்ட இழுத்தெடுக்கும், உப்புத் தண்ணி டின்னுக்குள்ள இரிக்கிற நல்ல தண்ணியில இருந்து சூட்ட இழுத்தெடுக்கும், விடியக்குள்ள டின்னுக்குள்ள கட்டி ரெடி. மறுகா சங்கிலியில தூக்கி சாதாரணத் தண்ணிக்குள்ள ஒரு முக்கு, சரிச்சா கட்டி சறுக்கிக்கிட்டு வரும். அத உடைச்சு ரெஜிபோம் பெட்டிக்குள்ள போட்டு சூரை மீனுக்கு மேல பரப்பினா கொழும்பு மட்டும் பழுதில்லாமப் போகும்.

இப்ப அந்தத் தொட்டிய மனசால தட்டையாக்குங்க. உப்புத் தண்ணிய தொட்டியில விடாம பைப்புக்குள்ள விடுங்க. பைப்ப நெருக்க நெருக்கமா பாய் பின்னின மாதிரி விரிச்சு மேல கொங்கிறீட் போடுங்க. கொங்கிறீட் குளிர்ந்த பிறகு அதுக்கு மேல நல்ல தண்ணிய மெல்லிசா விசிறுங்க, உறையும், திரும்ப விசிறுங்க, உறையும். இப்பிடிப் படை படையா ஏத்தி மூணு நாலு சென்ரிமீற்றர் வந்தா போதும். இடையில வெள்ளப் பெயின்ட்டும் கோடும் அடிப்பாங்க, ஏனெண்டா ஐஸ் கண்ணாடி மாதிரி, அடிக்காட்டி கீழ இரிக்கிற சீமெந்து தெரியும். அதுதான் ஹொக்கி ரிங்க். நீளம் 60 மீற்றர், அகலம் 30 மீற்றருக்கு உள்ள. அந்த ஆட்டத்த தாங்குறது நம்மட நாலு விரல் அகலம் கூட இல்லாத ஒரு ஐஸ் தகடு!

இதோட நிக்கல்ல. ரிங்க்க துப்பரவாக்குற ஒரு வண்டி இரிக்கு, ஸம்போனி எண்டு பேர், டிவியில பாத்திருப்பீங்க. அந்தப் பேர் ஒரு மனுசன்ட பேர், பிராங்க் ஸம்போனி. அவர் ஆரு தெரியுமா? ஐஸ் கொம்பனி முதலாளி! கலிபோர்னியாவுல, நல்ல வெயில் பக்கம், தம்பியோட சேந்து கட்டி ஐஸ் செஞ்சு வித்தவர். காய்கறி, பழம் கெட்டுப் போகாம அனுப்புற யாவாரிமாருக்கு, நம்மட மாமா மீனுக்கு வாங்கின மாதிரியே. மறுகா பிரிட்ஜ் வந்திச்சு, கட்டி ஐஸுக்கு கேள்வி குறைஞ்சிச்சு. அவங்க மெசின வித்திட்டுப் போகல்ல, கையில இரிக்கிற தொழில வெச்சு 1940ல ஒரு ரிங்க்க திறந்தாங்க. முதல்ல கூரை கூட இல்ல, வெயில் பட்டு ஐஸ் பழுதாகத்தான் கூரை போட்ட. பிறகு ரிங்க்க சுரண்டித் தண்ணி விட்டு சரியாக்க மூணு நாலு பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகுதெண்டு மண்டைய உடைச்சு, 1949ல ஒரே ஒரு ஆள் ஓட்டி கொஞ்ச நேரத்துல முடிக்கிற மாதிரி வண்டிய செஞ்சாரு. அது மேல இரிக்கிற கீறின ஐஸ சீவி எடுத்துக்கிட்டு பின்னால சுடுதண்ணி விட்டுக்கொண்டு போகும். ஓம், சுடுதண்ணிதான். சுடுதண்ணி கீறலுக்குள்ள கொஞ்சம் உருக்கி ஒட்டிப் பிடிச்சு உறையும், அப்பதான் முகம் பாக்கிற மாதிரி வரும்.

ஐஸ் கொம்பனியில இருந்து ரிங்க் பிறந்திருக்கு உறவுகளே! வாழைச்சேனையிலயும் கல்முனையிலயும் விடியச் சாமம் ஐஸ் தூக்குற அண்ணன்மாருக்குத் தெரிஞ்ச அதே தொழில். குளிர் நாட்டுக்காரன்ட விளையாட்டு எண்டு இனி ஆரும் என்னட்ட சொல்லேலா. உண்மையான தடங்கல் வெயிலில்ல, கரண்ட் பில்லு.

அதுக்கு இந்தியாவ பாருங்க. டெஹ்ராடூன்ல 2011ல பெரிய ரிங்க் ஒண்டு கட்டினாங்க, கொஞ்சப் போட்டி நடந்திச்சு, பிறகு பத்து வருசத்துக்கு மேல சும்மா கிடந்து 2025லதான் திரும்ப உயிர் வந்த. அந்தக் காலம் முழுக்க லடாக்குல புள்ளையள் என்ன செஞ்ச? குளம் உறையுற ரெண்டு மூணு மாசத்துக்குள்ள விளையாடிப் பழகிச்சுகள். அப்பிடிப் பழகின பொம்புளப் புள்ளையள் 2025ல ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல நடந்த ஆசியக் கிண்ணத்துல வெண்கலம் எடுத்திட்டு வந்திச்சுகள். எனக்கு அந்தப் புள்ளையள நினைச்சா பெருமையும் வருது, பூட்டிக் கிடந்த ரிங்க்க நினைச்சா கோவமும் வருது. பெரிய ஸ்டேடியத்த கட்டிப் பூட்டுறத விட ஷொப்பிங் மோலுக்குள்ள சின்னதா ஒரு ரிங்க் நூறு மடங்கு நல்லம், பிலிப்பைன்ஸ்காரன் அப்பிடித்தான் வளந்தவன். சாமான் வாங்க வாற சனம் காசு குடுத்து சறுக்கும், அந்தக் காசுல கரண்ட் பில்லு போகும், ராத்திரி மோல் மூடினாப் பிறகு டீம் பழகும்.

கென்யாவுல நைரோபியில ஒரு ஹொட்டேலுக்குள்ள இரிக்கிற ரிங்க்ல பழகி 2024ல சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனத்துல சேந்திட்டாங்க. ஜமைக்கா இன்னும் விசேசம், நாட்டுல ரிங்க்கே இல்ல, வெளிநாட்டுல வளந்த ஜமைக்காப் புள்ளையள் சேந்து 2019ல புளோரிடாவுல நடந்த லத்தீன் அமெரிக்கக் கிண்ணத்த தூக்கிட்டாங்க.

ஸ்லொவேனியா ஒண்டையும் சொல்லிட்டு வாறன். 20 லட்சம் சனம். இரும்பாலை ஊர் ஜெசெனிட்ஸே, அதுக்குப் பக்கத்துல ஒரு கிராமம், அங்க ஒரு அப்பா குளிர் காலத்துல வீட்டு முற்றத்துல தண்ணிய விட்டு உறைய வெச்சு மகன சறுக்க விட்டிருக்காரு. மகன்ட பேர் அன்ஸே கொபிட்டார். 2006ல அமெரிக்கா, கனடாவுட பெரிய லீக்கான NHLல விளையாடின முதல் ஸ்லொவேனியன், அந்த லீக்குட சம்பியனுக்குக் குடுக்கிற ஸ்டான்லி கிண்ணம் ரெண்டு தரம். 2014 சொச்சி ஒலிம்பிக்குல ஸ்லொவேனியா காலிறுதி மட்டும் வந்திச்சு, டீமுக்கு கோச் ஆரு எண்டா, முற்றத்துல தண்ணி விட்ட அதே அப்பா!

ஜமைக்கா கதைய நான் சும்மா எடுக்கல்ல. எங்கட அக்கா கனடாவுல. மருமகனுக்கு 11 வயசு, ஹொக்கிப் பைத்தியம். போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தவன். வந்த ரெண்டாம் நாள் கேக்கிறான், "மாமா, இஞ்ச எங்க ஸ்கேட் பண்ற?" என்னட்ட மறுமொழி இல்ல. விடிய நாலு மணிக்கு எழுப்பி மோட்டார்சைக்கிள்ல ஐஸ் கொம்பனிக்கு கூட்டிட்டுப் போனன். டின்னுல இருந்து கட்டி சறுக்கி வந்து பலகையில நிண்ட உடன, அவன் குந்தியிருந்து உள்ளங்கையால மெல்லத் தடவிப் பாத்தான். "நல்ல ஐஸ் மாமா. ஒரு கீறு இல்ல."

அவன் எனக்கு தந்திட்டுப் போனதுதான் பிரிட்ஜுக்குள்ள இரிக்கு. பக். ஹொக்கிக்கு பந்து இல்ல, இந்த வட்டமான ரப்பர் துண்டுதான், குறுக்க மூணு அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம், நிறை 160 கிராம் அளவு. ரெண்டு தந்தவன். ஒண்ட நேற்று ராத்திரியே மீன் பையோட பிரீசருக்குள்ள வெச்சன், அம்மா ஏசினா பரவால்ல. மற்றது மேசையில கிடந்த.

இப்ப கமராவ கீழ கொண்டு வாறன். முதல்ல மேசையில கிடந்தது. நெஞ்சு உயரத்துல இருந்து சீமெந்துத் தரையில விடுறன். பாத்தீங்களா, துள்ளி கதிரைக்குக் கீழ ஓடிட்டு. இப்ப பிரீசர்ல இருந்தது, கையில ஒட்டுது, அவ்வளவு குளிரு. விடுறன். டக்! கேட்டீங்களா சத்தத்த? நாலு விரல் கூட எழும்பல்ல, விழுந்த இடத்துலயே படுத்திட்டு. ரப்பர் குளிர்ந்தா துள்ளு குறையும், இதுக்காகத்தான் மெட்சுக்கு முதல் பக்க உறைய வெச்சு எடுக்கிற. துள்ளினா ஐஸ விட்டெழும்பி ஆக்கள்ட மூஞ்சில அடிக்கும்.

ஐஸ் கொம்பனியில வேல செஞ்ச ஆக்கள், செய்ற ஆக்கள் கீழ கொமன்ட்ல வாங்க, நான் தொட்டியப் பத்தி சொன்னதுல பிழை இருந்தா திருத்துங்க. கனடா, சுவிஸ் பக்கம் ஹொக்கி விளையாடுற நம்மட ஊர்ப் புள்ளையள் இருந்தா எந்த ஊர், எந்த இடத்துல விளையாடுற எண்டு எழுதுங்க, நான் ஒரு கணக்கு எடுக்கிறன். ஒரு டீமுக்கு 20, 22 பேர் காணும். மருமகன் ஒண்டு, இனி மிச்சத்த நீங்க சொல்லுங்க.