திருப்பிப் போட்ட மங்கா, செத்துப்போன சாமுராய்

வணக்கம் மக்களே. ஷெல்ஃப் டூர் போடறேன்னு சொன்னது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போச்சு, திட்டாதீங்க. முதல்ல இதைப் பாருங்க. 990 ரூபாய். பழைய இங்கிலீஷ் பதிப்பு, சாமுராய் மங்கா, அதாவது ஜப்பான் போர்வீரன் கதை சொல்ற ஜப்பான் காமிக்ஸ். யார் போட்டதுன்னு சொல்லப்போறதில்ல. அட்டை சூப்பர், பேப்பர் சூப்பர், ஆனா உள்ளே திருப்பிப் போட்டு வெச்சிருக்காங்க! மங்கான்னா வலதுலேருந்து இடதுன்னு எத்தனை வீடியோல தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்.

திருப்பிப் போடறதுன்னா, பக்கத்தைக் கண்ணாடில காட்டின மாதிரி அப்படியே புரட்டிடறது. இடதுலேருந்து படிச்சுப் பழகினவங்களுக்கு வசதியாம். "கதை அதேதானே ப்ரோ"ன்னு கமெண்ட் வரும், தெரியும். கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த ஆளோட கிமோனோ, அதான் ஜப்பான் அங்கி, அதோட கழுத்தைப் பாருங்க. கிமோனோவை, போட்டிருக்கறவரோட இடது பக்கத் துணி மேல வர்ற மாதிரித்தான் கட்டணும். எதிர்ல நின்னு பாத்தா இங்கிலீஷ் சின்ன எழுத்து ஒய் மாதிரி தெரியும். வலது பக்கத் துணி மேல வந்தா? பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க. அதாவது இந்தப் புஸ்தகத்துல அத்தனை பேரும், குழந்தை குட்டி உள்பட, சவத்துணி கட்டிக்கிட்டு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க! கத்தி வேற வலது இடுப்புல தொங்குது. சாமுராய்க்கு அது இடது இடுப்புலதான் இருக்கும், வலது கையால உருவறதுக்கு.

இதுல ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு வீடியோவே. "மங்காவுல மதம் எங்கே வருது"ன்னு போன தடவை நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. வசனத்துல தேடாதீங்கன்னுதான் சொல்லுவேன். படம் வரையற கட்டத்துல இருக்கு, கட்டத்துக்கு நடுவுல விடற வெள்ளைல இருக்கு, எந்தக் கை எந்தப் பக்கம் இருக்குங்கறதுல இருக்கு.

உதாரணத்துக்கு ஒரு முயல். புத்தரோட முற்பிறவிகளைச் சொல்ற ஜாதகக் கதைல வர்ற முயல்தான். பசியோட வந்தவருக்குக் குடுக்க ஒண்ணுமில்லாம தானே நெருப்புல குதிக்கும். ஜப்பான்ல 12ஆம் நூற்றாண்டு வாக்குல தொகுத்த 'கொன்ஜாகு மோனொகதாரி'லயும் இது இருக்கு, இந்தியக் கதைகள் பகுதில. மொத்தம் 31 தொகுதி, அதுல 28தான் இப்போ மிஞ்சியிருக்கு. அந்தத் தொகுப்புல ஒவ்வொரு கதையும் 'இப்போ அது பழங்காலம்'ங்கற மாதிரி ஒரே அச்சுல ஆரம்பிக்கும், 'இப்படித்தான் சொல்லி வந்திருக்காங்க'ன்னு முடியும். முயல் கதைல இந்திரன்தான் மாறுவேஷத்துல வருவார். ஜப்பான்ல அவருக்குப் பேர் தைஷாகுதென். முயலைக் கொண்டுபோய் நிலாவுல பதிச்சுடுவார். நம்ம ஊர்ல நிலாவுல பாட்டி வடை சுடறா, அங்கே முயல் மோச்சிங்கற அரிசிப் பலகாரத்துக்கு இடிக்குது. பசிச்ச நேரத்துல நிலாவைப் பாத்திருப்பாங்க போல, ரெண்டு ஊர்லயும்.

இப்போ மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா. 1972லேருந்து 1983 வரைக்கும் 'புத்தர்' வரைஞ்சார். ஆரம்பமே இந்த முயல்தான். குளிர்ல விழுந்து கிடக்கற ஒரு வயசான துறவி. கரடி மீன் கொண்டுவருது, நரி பழம் கொண்டுவருது, முயல் வெறுங்கையோட வருது. அப்புறம் குதிச்சுடுது. இந்திரன் கிடையாது, நிலா கிடையாது, காப்பாத்த யாருமே கிடையாது. வசனமும் ரொம்பக் குறைச்சல். பழைய தொகுப்புல கதை சொல்றவர் கூடவே நின்னு இது எதுக்குன்னு சொல்லிடுவார். இங்கே ஒரு கட்டத்துல முயல் இருக்கு, இன்னொரு கட்டத்துல இல்ல. நடுவுல இருக்கற அந்த வெள்ளையை நாமதான் தாண்டணும். தானம்னா என்னன்னு அந்த இடத்துல வயித்துல உறைக்கும்.

அந்த வெள்ளைக்கு ஜப்பான்ல 'மா'ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு விஷயத்துக்கு நடுவுல விடற இடைவெளி. 'நோ'ங்கற பழைய ஜப்பான் நாடகம், தோட்டம், ஓவியம்னு எல்லாத்துலயும் இதைப் பத்திப் பேசுவாங்க. மங்காவுல இன்னும் ஒரு படி மேல போய் அமைதிக்கே சத்தம் எழுதுவாங்க. 'ஷீன்'ன்னு. ஒண்ணுமே கேக்கலைங்கறதுக்கு ஒரு ஒலிச்சொல்! இதைப் பல மொழிபெயர்ப்புல துடைச்சு எடுத்துடறாங்க. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஐயோ, ஒண்ணை விட்டுட்டேன். கிமோனோ சொன்னேன்ல, அதோட நிக்கல. திருப்பினா புத்தர் கையும் மாறிடும். பூமியைத் தொடற முத்திரை வலது கைல. மகாபரிநிர்வாணத்துல, அதாவது உயிர் பிரியற நேரத்துல, படுத்திருக்கறது வலது பக்கமா. பக்கத்தைப் புரட்டினா ரெண்டுமே தப்பு. எல்லாத்தையும் விட மோசம் மஞ்சி. பௌத்த ஸ்வஸ்திகம். ஜப்பான் வரைபடத்துல கோயில் இருக்கற இடத்தை அதை வெச்சுத்தான் குறிப்பாங்க. கைகள் இடப்பக்கம் திரும்பியிருக்கும். கண்ணாடில காட்டினா நாஜி சின்னத்தோட திசை வந்துடும்! 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்'னு ஒரு சாமுராய் மங்கா, கதாநாயகன் பேரே மஞ்சி, முதுகுலயும் அதுதான். அதனால இங்கிலீஷ்ல போட்டப்ப பக்கத்தைப் புரட்டாம, கட்டங்களை வெட்டி இடம் மாத்தி ஒட்டினாங்க. எவ்வளவு வேலை! எல்லாக் கட்டமும் ஒரே அளவுல இருக்காது, அதனால நினைச்ச இடத்துல உக்காராது. அப்படியும் பண்ணாங்க பாருங்க, அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருக்கு.

தெசுகாவோட 'பீனிக்ஸ்' மங்காவுல கர்மா பகுதி படிக்காதவங்க வீடியோவை நிறுத்திட்டுப் போய்ப் படிங்க. நாரா காலம், அதாவது 8ஆம் நூற்றாண்டு. தோதாய்ஜி கோயில் பெரிய புத்தர் சிலை எழும்புது. நிஜத்துல 752ல கண் திறப்பு நடந்துச்சு, கண்ணை வரைஞ்சது இந்தியாவுலேருந்து போன போதிசேனர்ங்கற துறவி. கதைல காவோன்னு ஒருத்தன். ஒரு கண், ஒரு கை, தொழில் கொள்ளை. அவன் சிற்பி ஆகறான். நல்ல சிற்பியா இருந்த அகனேமாரு பேருக்கு அலையறவனா ஆகறான். அடுத்த பிறவிகள்ல மனுஷனாவே வர முடியாதுன்னு அவனுக்குத் தெரியவர்ற இடம் இருக்கே! மறுபிறவின்னு எழுதிப் படிச்சா தலையாட்டிட்டுப் போயிடுவோம். பக்கத்தைத் திருப்பினதும் ஆள் பூச்சி சைஸ்ல இருந்தா தூக்கம் போயிடும்.

இலக்கியம் ஒசத்தி, மங்கா பொம்மைப் புஸ்தகம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ஜப்பான்ல பௌத்தம் சாதாரண ஜனங்ககிட்ட போனதுல படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. படத்தைக் காட்டிக் கதை சொல்றதுக்கு எதோகின்னு பேர். குமானோ பிக்குனிகள்ங்கற பெண் துறவிகள் நரகப் படத்தைத் தொங்கவிட்டு, குச்சியால ஒவ்வொரு இடமா காட்டிக் கதை சொல்லுவாங்க. கியோட்டோ கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான, மிருகங்களை வரைஞ்ச ஓவியச் சுருள்கள் 12, 13ஆம் நூற்றாண்டு. நாலு சுருள். முதல் சுருள்ல தாமரை இலை மேல தவளை புத்தராட்டம் உக்காந்திருக்கும், எதிர்ல குரங்கு பூசாரியா மந்திரம் சொல்லும். மந்திரம் வாயிலேருந்து கோடு கோடா வர்ற மாதிரி வரைஞ்சிருக்கு. வசனக் குமிழி வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி! அந்தச் சுருளையும் வலதுலேருந்து இடதாத்தான் விரிக்கணும், சொல்லிட்டேன்.

'செயின்ட் யங் மென்' மங்கா பத்தித் தனி வீடியோ வரும். புத்தரும் இயேசுவும் தோக்கியோ பக்கம் தாச்சிகாவாவுல சின்ன வாடகை வீட்டுல இருக்காங்க. குளிக்கப் போன இடத்துல தண்ணி ஒயினாயிடும். இப்போதைக்கு அவ்வளவுதான்.

பழைய பதிப்பு வாங்கறவங்க காசைக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு பாருங்க. கிமோனோ கழுத்து ஒய் மாதிரி இருக்கா. கத்தி இடது இடுப்புலயா. காட்சில கார் வந்தா ரோட்டுல இடப்பக்கம் ஓடுதா, ஜப்பானும் நம்ம மாதிரிதான். ஒரே ஒருத்தர் தப்பா இருந்தா பயப்படாதீங்க, அவர் கதைல நிஜமாவே செத்திருக்கலாம், இல்லேன்னா பேயா இருக்கலாம். அது வரைஞ்சவர் வெச்ச குறிப்பு. எல்லாரும் அப்படி இருந்தா புஸ்தகத்தை வெச்சுட்டு வந்துடுங்க. இந்த 990ஐ என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல. கண்ணாடி முன்னாடி பிடிச்சுப் படிச்சுப் பாத்தேன், படம் சரியா வருது, எழுத்து இடவலமா மாறிப் போயிடுது.