இரவு பத்து மணிக்கு எங்கே நிறுத்துவது?

வணக்கம் நேயர்களே. போன வருடம் ஜூன் மாதம் நானும் என் வீட்டுக்காரரும் ரெடிங்கிலிருந்து கிளம்பி, வட இங்கிலாந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம், ஒன்பது ராத்திரியும் எங்கள் பழைய ஹோண்டா ஜாஸிலேயே படுத்துக்கொண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏன்டி, அங்க லாட்ஜே இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது. சுமாரான அறைக்கே ஒரு ராத்திரிக்கு எழுபது, எண்பது பவுண்டு கேட்கிறார்கள். ஒன்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் காரின் பின் சீட்டை மடித்தோம்.

மடித்தால் தரை ஏறக்குறைய சமமாகிவிடும். முன் சீட்டை முன்னால் தள்ளினால் எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். அவர் ஐந்தடி பத்தங்குலம், கடைசி வரை முழங்காலை மடக்கியேதான் படுத்தார். தூக்கம் எப்படியும் வந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணியானால், இன்றைக்கு எங்கே நிறுத்துவது என்ற பேச்சு ஆரம்பிக்குமே, அதுதான் பாடு.

எல்லாரும் முதலில் கேட்பது இது சட்டப்படி சரியா என்று. இங்கிலாந்தில் காரில் தூங்கக்கூடாது என்று பொதுவாக ஒரு சட்டம் கிடையாது. ஆனால் நிறுத்தும் இடம் யாருடையதோ அவர்களுடைய விதி உண்டு. கடற்கரைப் பக்கத்து கார் பார்க் பலவற்றில் இரவில் தங்கக்கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். இன்னொன்று, குடித்துவிட்டுக் காரில் தூங்கினால், வண்டியை ஓட்டாவிட்டாலும், அது உங்கள் பொறுப்பில் இருந்தது என்று வழக்குப் போட முடியும். இது தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பப்பில் லெமனேடு குடித்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ராத்திரி மோட்டார்வே சர்வீசஸ், அதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாடும் கழிப்பறையும் இருக்கும் நிறுத்துமிடம். அங்கே இரண்டு மணி நேரம்தான் இலவசம், அதற்கு மேல் காசு. பத்தரைக்குப் படுத்தவள் பன்னிரண்டு மணிக்குத் திடுக்கென்று எழுந்து, அரைத்தூக்கத்தில் போனில் பணம் கட்டினேன். கட்டினேனே தவிர, நம்பர் பிளேட்டில் 'ஓ' என்ற எழுத்து இருக்கும் இடத்தில் பூஜ்யத்தை அடித்துவிட்டேன். நாங்கள் வீடு திரும்பியபோது அபராதக் கடிதம் வந்து கிடந்தது. ரசீதை வைத்து எழுதிப் போட்டு, மூன்று வாரம் கழித்து ரத்து செய்தார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை. அவருக்கு மனித வாடையே இல்லாத மூர்நிலத்து (மரமில்லாத புதர் மேட்டு) ஓரம் வேண்டும், நட்சத்திரம் பார்க்கணுமாம். ஏங்க, ஜூனில் இந்த வடக்கில் பத்து மணிக்கும் வெளிச்சம், நாலரைக்கெல்லாம் சூரியன், நட்சத்திரம் எங்கே இருந்து வரும்? எனக்கு வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்கு நடந்து போகக்கூடிய ஒரு கழிப்பறை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கிராமத்து பப்பில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது, சாப்பிட்டு முடித்ததும் "உங்கள் கார் பார்க்கில் காரிலேயே தூங்கிக்கொள்ளலாமா, காலையில் போய்விடுவோம்" என்று நேராகக் கேட்டுவிடுவது. நான்கு இடத்தில் கேட்டோம், மூன்று பேர் சரி என்றார்கள், ஒருத்தர் கழிப்பறைப் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்தார். ஆளே இல்லாத இடத்தில் ஒரு கார் வந்து நின்றால் எனக்குத் தூக்கம் போய்விடும், கேட்டு வாங்கிய இடத்தில் பத்து கார் வந்து போனாலும் தூங்குவேன்.

அப்புறம் ஈரம். இரண்டு பேர் மூச்சு விட்டால் காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கம் தண்ணீர் வழிகிறது, போர்வை நமத்துப்போகிறது. இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் கண்ணாடியை இறக்கி வைத்தால் பாதி குறையும். ஏரிகளும் மலைகளுமான லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் அதையே செய்தபோது பொடிப்பூச்சிகள் உள்ளே வந்து பிய்த்து எடுத்துவிட்டன, அதனால் அங்கே மட்டும் இடைவெளியில் கொசுவலைத் துணியை ஒட்டினோம். குளிருக்காகக் காருக்குள் அடுப்பு பற்றவைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சமைத்ததெல்லாம் வெளியில்தான். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன். பப்புக்குப் போகாத நாட்களில், சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்களே, அந்த ரொட்டியும் பழமும் போக இதுதான் ஓடியது. குளியலுக்கு ஊர்ப் பொது நீச்சல் குளம். டிக்கெட் எடுத்தால் நீந்தினாலும் சரி, நீந்தாவிட்டாலும் சரி, வெந்நீர் ஷவர் உண்டு.

ஊர்களைச் சொல்லவில்லையே. யார்க்கில் கோட்டைச் சுவர்மேல் நடப்பதும் இலவசம், ரயில்வே மியூசியமும் இலவசம், ஒரு நாள் போய்விடும். விட்பியில் 199 படி ஏறினால் இடிந்த மடாலயம், கீழே கடல். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் போகவேண்டும், தார்ச்சாலையைத் தினமும் இரண்டு முறை கடல் மூடிவிடுகிறது. பாதுகாப்பான நேரத்தை அட்டவணையாகப் போடுகிறார்கள். அதைப் படிக்காமல் போய் மாட்டிக்கொள்பவர்களுக்காக வழியில் கட்டைக் கால்களின்மேல் ஒரு சின்ன அறை கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே அவரை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர் கி.பி. 122இல் ஆரம்பித்தது, 73 மைல். அதன் பள்ளமொன்றில் நின்ற பெயர்பெற்ற சிக்கமோர் மரத்தை (மேப்பிள் வகை) 2023 செப்டம்பரில் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டை துளிர் விட்டிருக்கிறது.

லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் ஹார்ட்நாட் கணவாய் பற்றி அவர் பேச வேண்டும், ஓட்டியது அவர்தான். மூன்றடிக்கு ஓரடி ஏறும் சாலை, ஒரு கார் போகும் அகலம். நடுவில் எதிரே ஒரு வண்டி வந்து, நாங்கள் பின்னால் இறங்க வேண்டியதாயிற்று. கிளட்ச் கருகிய வாடை. நான் இறங்கிப் பின்னால் நடந்து கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கை நடுங்கியது. ஃப்ளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த ரோமானியக் கோட்டையை ஒரு மணி நேரம் சும்மா சுற்றினோம்.

பெட்ரோலுக்கு 125 பவுண்டு, சாப்பாட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, பார்க்கிங்குக்கு நாற்பது. அடுத்த ஜூனில் கார்ன்வால் போவதாகப் பேச்சு. கொஞ்சம் நீளமான கார் வாங்கிவிட்டுப் போகலாம் என்கிறார் அவர். அந்தக் காசுக்கு லாட்ஜிலேயே தங்கலாமே என்கிறேன் நான்.