காலைதோறும் சாம்பல், காலைதோறும் கட்டை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

இந்தத் தவக்கால மாலையில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் 13 வசனங்களைத் தியானிப்போம். அர்ப்பணிப்பு என்றாலே ரோமர் 12-ஐ எடுப்பதுதான் வழக்கம். சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் அங்கே வேண்டிக்கொள்கிறார். பலி என்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவருக்கும் அவர் காலத்து யூதருக்கும் தெரியும். எருசலேம் தேவாலயம் கி.பி. 70-ல் இடிக்கப்பட்டதோடு அந்த வேலை கண்ணுக்கு மறைந்துபோயிற்று. நம்மிடம் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது. கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் இரவு கையை உயர்த்தி, "எல்லாவற்றையும் தருகிறேன், ஆண்டவரே" என்று அழுகிறோம். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த புதன்கிழமைக்குள் அது ஏன் காய்ந்துபோகிறது என்பதற்கு விடை இந்த லேவியராகம அதிகாரத்தில் இருக்கிறது.

பலிபீடத்து அக்கினியை மூட்டியவர் கர்த்தர். லேவியராகமம் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டு வருகிறது. ஆனால் அது அவியாமல் காக்கும் வேலையை அவர் ஆசாரியனிடம் விட்டார். அவன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, இரவெல்லாம் எரிந்த பலியின் சாம்பலை எடுத்துப் பீடத்தின் பக்கத்தில் கொட்டவேண்டும். பிறகு வேறு வஸ்திரம் உடுத்தி, அந்தச் சாம்பலைப் பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குச் சுமந்து போகவேண்டும். காலைதோறும் புதுக் கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியை வரிசையாக வைக்கவேண்டும். யாத்திராகமம் 29-இன்படி காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி, ஒவ்வொன்றோடும் அளந்த மாவும் எண்ணெயும் திராட்சரசமும். பண்டிகை நாளானாலும் இது நிற்காது. நேற்றைய பலி இன்றைக்குச் செல்லாது. "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று லூக்கா 9:23-ல் ஆண்டவர் சொன்னதைக் கேட்டவர்கள், இந்தக் காலைப் பலியும் மாலைப் பலியும் தவறாமல் நடந்த தேசத்தில் வாழ்ந்தவர்கள்.

அக்கினியைப் பற்றிய இந்தப் பகுதி 8-ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின ஏழு வசனங்களை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஒருவன் தன்னிடம் நம்பி ஒப்புவிக்கப்பட்ட பொருளை மறுத்தால், பறித்துக்கொண்டால், கண்டெடுத்ததை இல்லையென்று ஆணையிட்டால், அவன் முதலைத் திருப்பிக் கொடுத்து அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்கவேண்டும். அதுவும் அவன் பலி கொண்டுவரும் நாளிலேயே. நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. வருடங்களாக ஜெபித்தும் ஆவியில் வறட்சி என்று சொல்கிறவர்கள் பலருக்கு அடைப்பு இருப்பது இங்கேதான் என்பது என் திடமான எண்ணம். தங்கைக்குச் சேரவேண்டிய நிலப்பங்கு, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குப் பாக்கி வைத்த சம்பளம், திருப்பித் தராத கைமாற்று. இவற்றைத் தாளில் எழுதுங்கள். முழுவதும் இப்போது முடியாவிட்டால், கொடுக்கவேண்டியவரிடம் நேரில் போய்த் தவணையும் தேதியும் சொல்லிவிட்டு வாருங்கள். அதன்பின் ஜெபிக்க உட்காருங்கள்.

இனி காலை வேளை. அரை மணி நேரம் போதும். தொடங்குகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். முழங்கால்படியிட்டதும் பலருக்கு மனம் சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் ஓடிவிடுகிறது. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. எழுந்தவுடன் ஜெபத்தில் இறங்கியதால் கால் மணி, சில நாள் அரை மணி நேரம் மனம் அலைந்தே போனதாக அவர் எழுதியிருக்கிறார். 1841-ல் அவர் வரிசையை மாற்றினார்: முதலில் வேதவசனம், அதைத் தியானிக்கையில் தானாக எழும் ஜெபம் பிறகு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே புத்தகத்தைத் தொடர்ச்சியாக, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து வசனம். கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை வாசிக்கவேண்டாம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடவும் வேண்டாம். அதில் தேவன் நமக்குத் தருவது இருக்கிறது, நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இருப்பதில்லை. வேதாகமம் அச்சுப் பிரதியாக இருக்கட்டும். கைபேசியில் வாசிக்கப் போனால் இரண்டாவது வசனத்துக்குள் வாட்ஸ்அப் கூப்பிடும்.

வாசித்து முடித்தபின் ஒப்புக்கொடுக்கும் நேரம். இங்கேதான் பிழை அதிகம். "எல்லாவற்றையும் தருகிறேன்" என்றால் எதையும் குறிப்பாகத் தரவில்லை. ஆசாரியன் பலியைத் துண்டுதுண்டாக வரிசைப்படுத்தி வைத்ததுபோல், இன்றைய நாளைப் பெயர் சொல்லி வையுங்கள். "பதினொரு மணிக்கு மேலாளரைப் பார்க்கப் போகிறேன், அங்கே உண்மையை மட்டும் பேசவேண்டும், என் நாவை எடுத்துக்கொள்ளும்." "சம்பளம் இன்று வருகிறது, உமது பங்கை எடுத்து வைத்த பிறகே மற்றச் செலவு." "மாமியார் பழைய பேச்சை எடுப்பார், அப்போது வரும் கோபத்தை இப்போதே உம்மிடம் தருகிறேன்." நேரம், பணம், நாவு, கண், இன்று சந்திக்கப்போகும் ஒரு மனிதர் என்று ஐந்தைத் தொட்டால் போதும். நம் விண்ணப்பங்களைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் அவையே நேரம் முழுவதையும் விழுங்கிவிடும்.

பகலில் நீண்ட ஜெபம் சாத்தியமில்லை. தானியேல் ஒரு பேரரசின் நிர்வாகத்தைச் சுமந்துகொண்டே தினம் மூன்றுவேளை முழங்கால்படியிட்டார். நீங்கள் பகல் உணவுக்கு முன் ஒரு நிமிடம் நின்று, காலையில் வைத்த ஐந்தில் எதைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கவலையின் வழியாகத்தான் திரும்ப எடுப்போம். அப்போது, "நான் ஒப்புக்கொடுத்தது பொய்யோ" என்று கலங்கவேண்டாம். கெத்செமனேயில் நம் ஆண்டவர் அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றுமுறை ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாவமில்லாத அவரே மூன்றுமுறை போனார் என்றால், நாம் முப்பது முறை போவதில் வெட்கம் என்ன?

ஒப்புக்கொடுத்த பிறகு தேவன் தரும் வேலை நாம் எதிர்பார்த்ததாக இருக்காது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்தவர். 1901 முதல் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகள் வந்து சேர, டோனாவூரிலேயே தங்கிப் பால் காய்ச்சுவதும் நோய் பார்ப்பதும் இரவில் விழித்திருப்பதும் அவர் ஊழியமாயிற்று. 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாரே, படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களே, அரை மணி நேரம் கிடைக்கவில்லையே என்று உங்களை நீங்களே ஆக்கினைக்குள்ளாக்காதீர்கள். ஒரு வசனத்தைச் சுவரில் ஒட்டி வாரம் முழுவதும் அதையே சொல்லுங்கள். நீங்கள் மாற்றும் ஒவ்வொரு துணியும் பலியில் சேரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். அர்ப்பணிப்பு என்ற பெயரில் நம் சபைகளில் தவறான போதனையும் நடக்கிறது. அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போய், "இதுதான் உன் சிலுவை" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வது சுவிசேஷம் அல்ல. கன்னத்தில் அறைந்த சேவகனிடம், "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று ஆண்டவரே கேட்டார். யோவான் 18-ல் பாருங்கள். வாரினால் கட்டப்பட்ட பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தடுத்தார். தேவனுக்கு ஒப்புக்கொடுத்தவர் மனுஷருடைய கொடுமைக்கு ஒப்புக்கொடுக்கவேண்டியதில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், காவல் நிலையத்துக்கும் போகலாம். அதுபோலவே சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும், வங்கிக் கடன் அறிவிப்பைப் பிரிக்காமல் வைப்பதும் விசுவாசம் ஆகாது.

இரவு சாம்பலை எடுங்கள். பத்து நிமிடம். அன்றைய நாளை, காலையிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பாருங்கள். முதலில் நன்றி, ஏனென்றால் குற்றத்தில் தொடங்கினால் அதிலேயே அமிழ்ந்துவிடுவோம். பிறகு சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லிக் காத்திருங்கள். எது மனதில் குத்துகிறதோ அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். வீட்டில் ஒருவரைப் புண்படுத்தியிருந்தால், படுக்கப் போகுமுன் எழுந்து போய் மன்னிப்புக் கேளுங்கள். சாம்பல் பாளயத்துக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் அதைக் கிளறவேண்டாம்.

நாள் தவறும். கட்டாயம் தவறும். ஒரு நாள் விட்டால், மறுநாள் இரண்டு பகுதியை வாசித்து ஈடுகட்டப் பார்ப்போம். மூன்று நாள் விட்டால் கடன் மலைபோல் தெரியும். அத்தோடு வேதாகமம் அலமாரிக்குப் போய்விடும். வருடத் திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் உண்ட மன்னா தலைக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்கு. மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்தது. ஓய்வுநாளுக்கு வைத்தது மட்டும் கெடவில்லை. ஆகையால் விட்டுப்போன பகுதிகளைத் துரத்தாதீர்கள். தேதியைப் பாருங்கள், இன்றைய பகுதியைத் திறந்து வாசியுங்கள்.